போயிட்டு வாரேன் என்றது ராகூசா

ஜூன் 3, சனி

இந்த டைரி எங்கள் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. புதன்கிழமை நானும் அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன். கண்டெய்னர் லாரியிலிருந்து இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்து, இல்லாத படியில் காலை வைத்தேன். இடது கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக் கூடாதாம்.

பெயர், பெனடிக்ட் மோத்தா. வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக்குக் காகிதம் போட்டு வெளியே எடுத்துத் தரும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம். துறைமுகத்தில் எனக்கு நல்ல பேர். யார் என்ன கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்பேன். அதனால் ‘ஆகட்டும் மோத்தா’ என்று அன்பாகக் கூப்பிடுவார்கள்.

டைரி எழுதச் சொன்னது மகள் ரெனிட்டா. மீன்வளப் படிப்பு, மூன்றாம் வருஷம். நாளை பயிற்சிக் கப்பலில் ஏறுகிறாள். ஆறு வாரம் நடுக்கடல், சிக்னல் கிடையாது. அவளிடம் ஒரு நாடு இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இது கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா. பதினான்கு பேர், ஆளுக்கு ஒரு நாடு. எல்லோரும் தமிழ் ஆட்கள், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குள் பத்து வருஷம் ஓடிவிடும். ரெனியின் நாடு ராகூசா. வரைபடத்தில் என் சுண்டுவிரல் நகம் அளவு. ஒன்பது கப்பல், மூவாயிரம் படைவீரர். சுற்றிலும் வெனிஸ், ஹங்கேரி, உதுமானிய சுல்தான் என்று யானை யானையாக நிற்கிறார்கள். இவள் பிழைத்திருப்பது படையால் இல்லை, பேரால்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ‘பேர்’ என்று நூற்றுக்கு ஒரு எண் உண்டு. வாக்கு மீறினால் மளமளவென்று இறங்கும். காப்பாற்றினால் எறும்பு மாதிரி ஏறும். ராகூசாவின் பேரைப் பதினொன்றிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு ஏற்ற ரெனிக்கு இரண்டு வருஷம் ஆனது. அறுபதுக்குக் கீழே போனால் சுல்தான் கொடுத்திருக்கும் பாதுகாப்பு அறுந்துவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் விழுங்கலாம். கம்ப்யூட்டரிடம் விட்டுப் போகலாம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு வாக்குச் சுத்தம் கிடையாதாம்.

முதலில் அம்மாவிடம்தான் கேட்டாள். ஜெசிந்தா நேரமில்லை என்றுவிட்டாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள். ‘ஆகட்டும்’ என்றேன். லேப்டாப் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: “அப்பா, யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க. சொன்னா செய்யுங்க.” இரண்டாவது வரி எதற்கு என்று தெரியவில்லை.

ஜெசிந்தா பக்கத்துத் தெரு லேபில் இரத்தம் பரிசோதிக்கிறவள். மதியம் வீட்டுக்கு வந்து உலை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். நானும் இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் கிளம்பும்போது ‘மதியம் சாப்பிட வாரேன்’ என்றுதான் சொல்கிறேன். கப்பல் விட்டால்தானே? அதனால் அவள் ஒரு ஆளுக்குத்தான் அரிசி அளப்பாள். நல்ல சிக்கனம். இப்போது தினமும் மதியம் நான் வீட்டில் கிடக்கிறேன், அவள் கைக்கு அளவு பிடிபடவில்லை. மூன்று நாளாகச் சோறு போதவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

ரெனி காலையில் கிளம்பினாள். மாவுக்கட்டைத் தட்டிவிட்டு, “போயிட்டு வாரேன்ப்பா” என்றாள். மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். ஆறு மணி வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் 94. என் வாழ்க்கையில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருந்தது இதுவே முதல் தடவை.

ஜூன் 7, புதன்

ரெனி சும்மா பயமுறுத்திவிட்டாள். எல்லோரும் தங்கமான மனிதர்கள். வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில், குழுவிலும் தனியாகவும், பேச்சுவார்த்தை நடக்கும். வெனிஸ் நாட்டுக்காரர் நாகர்கோவிலில் வங்கி அதிகாரி, சுயம்புலிங்கம். என் காலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். எந்த எலும்பு, எந்த டாக்டர் என்று அரை மணி நேரம். அப்புறம் போகிற போக்கில், குளிர்காலத்துக்குத் தன் கப்பல்கள் ராகூசா துறைமுகத்தில் நிற்கலாமா என்றார். துறைமுகத்துக்காரனிடம் துறைமுகத்தைக் கேட்கிறார். ஆகட்டும் என்றேன்.

சாயங்காலம் உதுமானிய சுல்தான் தனியாகச் செய்தி அனுப்பினார். காயல்பட்டினத்து எலும்பு டாக்டர் கபூர். என் எக்ஸ்ரேயை அனுப்பச் சொல்லிப் பார்த்து, நல்லாச் சேரும் என்றார். வெனிஸ் கப்பல் எதையும் உள்ளே விட மாட்டீர்கள்தானே என்று கேட்டார். காலைப் பார்த்துச் சொன்ன மனிதரிடம் முகத்தை முறிக்க முடியுமா? ஆகட்டும் என்றேன்.

நேப்பிள்ஸ் அம்மாவும் எதையோ கேட்டார்கள். அதற்கும் ஆகட்டும்தான், என்ன கேட்டார்கள் என்று ஞாபகமில்லை.

ஜூன் 11, ஞாயிறு

பேர் 71.

ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் நடுவர் நிறுத்தினார். நடுவர் உமையாள், காரைக்குடியில் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். விதி நான்கு: எழுதிய சொல் ஒப்பந்தம். நான் தனித்தனியாக எழுதிய மூன்று ‘ஆகட்டும்’களையும் அவரவரிடம் படம் வாங்கி, குழுவில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டார். ஒன்றைக் காப்பாற்றினால் மற்ற இரண்டும் முறியும். இருபத்து மூன்று புள்ளி போனது.

ஆகட்டும் என்பது மரியாதைக்குச் சொல்வது என்று விளக்கிப் பார்த்தேன். நடுவர் மிகவும் பணிவாக, “ஆகும் என்பதைத்தானே ஆகட்டும் என்கிறோம், சார்?” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ரெனி இரண்டு வருஷம் கட்டியதை நான் எட்டு நாளில் இடித்துவிட்டேன். இன்னும் பன்னிரண்டு புள்ளி இறங்கினால் அவள் திரும்பி வரும்போது நாடே இருக்காது. ஜெசிந்தாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் “ம்” என்று சொல்லிவிட்டு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

ஜூன் 15, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. விடியற்காலையில் விசைப்படகுகள் கிளம்பும் சத்தம் படுக்கை வரை கேட்டது. இனி ஐஸ் வைத்த மீனிலிருந்து விடுதலை.

‘முடியாது’ என்று சொல்லிப் பழகுகிறேன். முதலில் கண்ணாடியைப் பார்த்து. பிறகு நிஜமாகவே ஒரு வாய்ப்பு வந்தது. லாரி செட் அந்தோணி போன் செய்து, அவர் மச்சானுக்குக் கம்பெனியில் வேலை சொல்லிவிட முடியுமா என்றார். போன ஈஸ்டரிலிருந்து ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லி வந்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டு, “முடியாது அந்தோணி, எனக்கு அவ்வளவு செல்வாக்கு இல்ல” என்றேன். திட்டப் போகிறார் என்று பார்த்தால், “இத முன்னமே சொல்லிருக்கலாம்லா, வேற எடத்துல கேட்டிருப்பேன்” என்றார். கோபமாகக் கூட இல்லை. அது என்னவோ கோபத்தைவிட மோசமாக இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

நல்ல நாள். ஹங்கேரியை ஆள்வது ஆன்யா துரைசிங்கம், நோர்வேயில் பிறந்த பிள்ளை. அப்பா யாழ்ப்பாணம், அம்மா அந்த ஊர்க்காரி, வீட்டில் பேசுவது நோர்வே பாஷை. சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தாளாம், புத்தகம் பேசுகிற மாதிரி எழுதுவாள். கடற்கரையில் க்ளிஸ் என்று அவளுக்கு ஒரு மலைக்கோட்டை. வெனிஸுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். ஐந்து வருஷம் உங்கள் படையைக் காவலுக்கு நிறுத்துவீர்களா என்று கேட்டாள்.

இந்தத் தடவை யோசித்தேன். படையை எண்ணினேன். வழியைப் பார்த்தேன். பிறகுதான் சரி என்று எழுதினேன். ஐந்து வருஷம் முழுதாக நிறுத்தினேன். வெனிஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. தவணை முடிந்ததும் படையைக் கிளப்பிக்கொண்டு, குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினேன்: “கொடுத்த வாக்கு முடிஞ்சுதும்மா. ராகூசா போயிட்டு வாரேன்.”

பேர் 74.

ஜூன் 20, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் கீரை ஆய்ந்து வைக்கிறேன் என்று சொன்னேன். ஆய்ந்து வைத்தேன்.

ஜூன் 21, புதன்

ஜெசிந்தா பரணைத் துடைக்கும்போது பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. ரெனி ஏழாம் வகுப்பு, பள்ளி ஆண்டு விழா நாடகம். தலைப்பாகை, ஒட்டு மீசை, கையில் ஓலை. ராஜா வேஷம் இல்லை, தூதர் வேஷம். அன்றைக்கு வாரேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவது வரிசையில் எனக்கு நாற்காலி பிடித்து, அதன்மேல் அவள் புத்தகப் பையை வைத்திருந்தாளாம். நான்கு மணிக்குக் கோதுமைக் கப்பல் வந்துவிட்டது. கப்பல் என்ன ஆண்டு விழா பார்த்தா வருகிறது? நாடகம் முடிகிற வரைக்கும் பை அங்கேயே இருந்தது என்று ஜெசிந்தா சொன்னாள். பழைய கதை.

வெயில் கடுமை. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது. குடைக்கம்பி உதவுகிறது.

ஜூன் 22, வியாழன்

ஆன்யாவிடமிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன், பிள்ளையின் தமிழ் அவ்வளவு அழகு: “வணக்கம் அங்கிள். நான் என் படையை வடக்கே அழைத்துச் செல்கிறேன். உங்கள் வீரர்கள் உண்பதற்குக் கோட்டையில் தானியம் வைத்துள்ளேன். வாசலில் காவல் நிறுத்தவில்லை.” என்ன மரியாதை பாருங்கள். ஒரு புன்னகைப் படம் அனுப்பினேன்.

ஜூன் 25, ஞாயிறு

வெனிஸ் க்ளிஸ் கோட்டையை முற்றுகை போட்டுவிட்டது. கோட்டையில் சமையல்காரனைத் தவிர ஆள் இல்லை. ஆன்யா குழுவில், “அங்கிள், எப்போது வந்து சேருவீர்கள்?” என்று கேட்டாள்.

எங்கே வந்து சேருவது என்று கேட்டேன்.

“க்ளிஸுக்கு. நீங்கள் போய்விட்டு வருகிறேன் என்று எழுதினீர்கள். அதை நம்பித்தான் என் படையை வடக்கே அனுப்பினேன்.”

நான் எழுதியதைத் தேடி எடுத்துப் படித்தேன். அதற்குள் சுயம்புலிங்கம் வங்கிப் புத்தியைக் காட்டிவிட்டார். விதி நான்கு, எழுதிய சொல் ஒப்பந்தம், ராகூசா ‘வாரேன்’ என்று எழுதியிருக்கிறது, வரவில்லை, எனவே இருபது புள்ளி குறைக்க வேண்டும் என்று மனுவே போட்டுவிட்டார். எழுபத்து நான்கில் இருபது போனால் ஐம்பத்து நான்கு. நாடு காலி.

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். புதன்கிழமை தீர்ப்பு.

ஜூன் 27, செவ்வாய்

குழு அல்லோலகல்லோலப்படுகிறது. ‘போயிட்டு வாரேன்’ வாக்கா இல்லையா? ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அபசகுனம், அதனால் சொல்வது, அவ்வளவுதான் என்று நேப்பிள்ஸ் அம்மா. எங்கள் மாமா பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் போயிட்டு வரேன் என்று துபாய் போனவர், இன்னும் அவர் சட்டையை மடித்து வைத்திருக்கிறோம் என்று போலந்துத் தம்பி. டாக்டர் கபூர், ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது, வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்ப வந்து படுத்திருக்கிறார்கள் என்றார்.

ஆன்யா ஒரே ஒரு தடவை எழுதினாள்: “எனக்கு இது தெரியாது. வருகிறேன் என்பது தன்மை ஒருமை வினைமுற்று என்றுதான் எங்கள் பள்ளியில் படித்தோம். என்னுடைய பிழை. மன்னிக்கவும்.”

மதியம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஜெசிந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் சுவீடன்காரர் ஒருவர், “நம்ம ஊர்ல வாரேன்னு சொன்னா வர மாட்டேன்னு அர்த்தம், இது குழந்தைக்குக் கூடத் தெரியும்” என்று எழுதியிருந்தார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மீன் குழம்பு இன்றைக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

ஜூன் 28, புதன்

தீர்ப்பு வந்தது. “போயிட்டு வாரேன் என்பது விடைபெறும் சொல், வாக்கல்ல. ராகூசாவின் பேர் 74 அப்படியே நிற்கும். ராகூசா படை அனுப்பத் தேவையில்லை. ஹங்கேரிக்கு ஒரு வார்த்தை: இனி யாராவது வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனால் உலை வைத்துவிடாதே.” எல்லோரும் கை தட்டும் படம் போட்டார்கள். ஆன்யாவும் போட்டாள்.

தப்பித்தேன்.

ஜூன் 29, வியாழன்

ராயப்பர், சின்னப்பர் திருநாள். ஜெசிந்தா பூசைக்குப் போய்விட்டு வந்து பிரசங்கத்தைச் சொன்னாள். உம்மைக் கைவிட மாட்டேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்த ராயப்பர், சேவல் கூவுமுன் அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுத்தார். அவர் கையில்தான் மோட்சத்துச் சாவியையும் கொடுத்தார்கள். வருஷா வருஷம் கேட்கிற பிரசங்கம், எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கும். இன்றைக்கு இல்லை.

காரணம் இதுதான், எழுதிவிடுகிறேன். வரைபடத்தைத் திறந்து க்ளிஸைப் பார்த்தேன். உள்ளே தானியம் நிரம்பியிருந்தது, மூவாயிரம் பேருக்கு மூன்று வருஷம் வரும். என் படைக்கு என்று அவள் தனியாக ஒதுக்கியது. வாசலில் காவல் இல்லை. நான் வருவேன் என்று இடம் போட்டு வைத்திருக்கிறாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புத்தகப் பை ஞாபகம் வந்தது. நாடகம் முடிகிற வரைக்கும் அது நாற்காலியில் இருந்திருக்கிறது. அந்தக் கோதுமைக் கப்பல் நான்கு மணிக்கு வந்தது உண்மை. ஆனால் ஐந்தரைக்கே வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு நான் டீக்கடையில்தான் பேசிக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 2, ஞாயிறு

படையைக் கிளப்பிவிட்டேன்.

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “எதுக்குப் போறிய? அந்த நடுவரம்மாதான் தேவையில்லன்னு சொல்லிட்டாவல்லா.”

“வாரேன்னு சொல்லிருக்கேன்ல.”

அவள் ஒரு பார்வை பார்த்தாள், லேபில் இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைப் பார்க்கிற பார்வை. பூண்டை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மலைப்பாதை, பனிக்காலம். மூவாயிரம் பேரில் கோட்டையைத் தொட்டது ஆயிரத்து நானூறு. வெனிஸ்காரரின் முற்றுகையை ஒரு ஓரத்தில் உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். தானியம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தோம். ஆன்யாவின் படை வடக்கிலிருந்து ஓடி வந்து சேர்ந்ததும் வெனிஸ் மூட்டை கட்டியது. ஆனால் போகிற வழியில், படையில்லாத ராகூசாவின், சுல்தான் பாதுகாப்புக்குள் வராத லஸ்தோவோ தீவைப் பறித்துக்கொண்டது. அங்கே நின்ற மூன்று கப்பலும் போயிற்று. ரெனிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆன்யா குழுவில் ஒரே சொல்தான் எழுதினாள்: “வந்துவிட்டீர்கள்.”

ஆட்டம் முடிந்ததும் பேரைப் பார்த்தேன். 74. நடுவரைக் கேட்டேன். வாக்கே இல்லாததைக் காப்பாற்றினால் புள்ளி கொடுக்க விதியில் இடமில்லை, சார் என்றார். பிறகு, தனக்கு அதில் வருத்தம் என்றும் சொன்னார்.

ஜூலை 5, புதன்

குடைக்கம்பி மாவுக்கட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஜெசிந்தா லேபிலிருந்து இடுக்கி கொண்டுவந்து எடுத்தாள். இனி சொறிய மாட்டேன் என்று அவளிடம் சொல்லப் போனேன், நல்லவேளை சொல்லவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

இன்றைக்குச் சுயம்புலிங்கம் அடுத்த காயை நகர்த்தினார். ராகூசாவிடம் இப்போது ஆறு கப்பல், ஆயிரத்துச் சொச்சம் ஆள். ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், வாருங்கள் என்று நேப்பிள்ஸ், ஹங்கேரி, சுல்தான் மூவருக்கும் அழைப்பு. மூன்று பேரில் ஒருவர் தலையசைத்தாலும் கதை முடிந்தது.

ஆன்யா முதலில் எழுதினாள், முடியாது. நேப்பிள்ஸ் அம்மா, அந்த மனுஷனையா, நான் வரவில்லை என்றார்கள். இனி சுல்தான்தான் பாக்கி. ஜெசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பைப் புதுப்பிக்கும்போது, டாக்டர் எப்போதும் ராகூசாவின் இரண்டு கப்பலைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்வார். ரெனியின் பேர் தொண்ணூற்று நான்கில் இருந்தபோதும் அப்படித்தான். இன்றைக்குத்தான் புதுப்பிக்கும் நாள்.

டாக்டரின் செய்தி வந்தது: “மோத்தா, இந்தத் தடவ பிணை வேண்டாம். பிடிச்சு வச்சிருக்கிற ரெண்டு கப்பலையும் அனுப்பிட்டேன். நீங்க சொன்னாப் போதும்.”

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கூட இருப்பீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன். முழுதாக மூன்று நிமிஷம் யோசித்தேன். பிறகு “இருப்பேன்” என்று எழுதினேன்.

சாயங்காலம் சுயம்புலிங்கமே போன் போட்டு, உம்ம கால் எப்படிவே இருக்கு என்று விசாரித்தார். லஸ்தோவோவை மட்டும் திருப்பித் தர மாட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 14, வெள்ளி

மாவுக்கட்டை அறுத்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையது மாதிரி இல்லை, வெளுத்து, தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தது. திங்கள் முதல் வேலைக்குப் போகலாம்.

ஜூலை 15, சனி

ரெனி வந்துவிட்டாள். கருத்து, இளைத்து, உடம்பெல்லாம் டீசல் வாசனை. ஒரு தட்டு மீன் பொரியலை நின்றுகொண்டே தின்றுவிட்டு நேரே லேப்டாப்பைத் திறந்தாள். நான் கீரை ஆய்வதாகப் பாவனை செய்துகொண்டு அடுக்களையில் நின்றேன்.

“அப்பா, லஸ்தோவோ எங்க?”

போயிற்று என்றேன். பேர் எழுபத்து நான்கு என்பதையும் நானே சொல்லிவிட்டேன், அவள் பார்ப்பதற்கு முன்னால். அவள் குழுவின் ஆறு வாரச் செய்தியையும் முதலிலிருந்து படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். அது ‘ஆகட்டும்’ இடமாக இருக்கும். டாக்டர் செய்தி வந்த இடத்தில் திரையில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இரண்டு வருஷம் கேட்டும் அவர் அவளுக்குப் பிணையை விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு திரும்பி, “தேவையில்லன்னு தீர்ப்பு வந்த பெறகும் ஏன்ப்பா போனிய?” என்று கேட்டாள்.

என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். கோதுமைக் கப்பல், ஐந்தரை மணி, டீக்கடை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. “அந்தப் பிள்ள எடம் போட்டு வச்சிருந்துச்சும்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ரெனி என்னையே பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கப்பலிலிருந்து கொண்டுவந்த பை கிடந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தாள். நான் போய் உட்கார்ந்தேன். லஸ்தோவோவை எப்படி மீட்பது என்று இருவரும் இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 17, திங்கள்

வேலைக்குப் போன முதல் நாள். காலையில் செருப்பு மாட்டும்போது பழக்க தோஷத்தில், “மதியம் சாப்பிட வாரேன்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. ஜெசிந்தா உள்ளே ஏதோ செய்துகொண்டிருந்தாள், காதில் விழுந்ததோ இல்லையோ.

ஆறு வாரக் காகிதம் மேஜையில் மலையாகக் கிடந்தது. பன்னிரண்டரைக்கு மேலாளர் வந்து, இருந்து முடித்துவிட்டுப் போகலாமே மோத்தா, பிரியாணி சொல்கிறேன் என்றார். முடியாது சார், வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்றேன். வேறு யாருடனோ பேசிவிட்ட மாதிரி அவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போதுதான் நினைப்பு வந்தது, வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் சோறு இருக்கும். ரெனியும் காலேஜ் போய்விட்டாள். ஜெசிந்தாவின் பங்கைப் பிடுங்கித் தின்ன வேண்டாம் என்று வழியில் நிறுத்தி எனக்கு நான்கு இட்லி கட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழைந்தபோது மணி ஒன்று ஐந்து. மேஜையில் இரண்டு தட்டு. இரண்டிலும் சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. விளமீன் குழம்பு, கூட முட்டைக்கோஸ். ஜெசிந்தா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவள் திரும்பக்கூட இல்லை. “நீங்கதான வாரேன்னு சொன்னிய.”

இட்லிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கை கழுவப் போனேன்.